காது வைத்த வண்டி

பைப்பக்காவின் பட்டறையில், கதவோரம் அடித்திருந்த ஆணியில் ஒரு மரக்கட்டை கயிற்றில் தொங்கும். உருண்டையாகக் கடைந்த கட்டை. ஒரு சின்னக் குழந்தையின் தலை அளவு இருக்கும். ஜன்னல் கிரில் ஒன்றைச் செய்து முடித்ததும் அவள் அந்தக் கட்டையை எடுத்து ஒவ்வோர் இடைவெளியிலும் வைத்துப் பார்ப்பாள். எங்கேயாவது கட்டை நுழைந்துவிட்டால் அந்தக் கிரில் பட்டறையை விட்டு வெளியே போகாது. கம்பியை அறுத்து, நெருக்கி, மறுபடி பற்றவைப்பாள்.

"பிள்ளைங்க எங்க தலையை விடும்னு யாருக்குத் தெரியும்" என்பாள். அதற்கு மேல் விளக்கம் சொல்ல மாட்டாள். விளக்கம் சொல்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது.

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. வண்டிகளின் நசுங்கிய தகரத்தைத் தட்டி நிமிர்த்துகிற, அவளைவிட வயதில் மூத்த டிங்கர்கூட "பைப்பக்கா" என்றுதான் கூப்பிடுவார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு கிரில் பட்டறைக்கு இரும்புத்தூள் கூட்ட வந்தவள். கூட்டிக்கொண்டே, முகத்தை நிமிர்த்தாமல், "அந்த ஓரம் கொஞ்சம் தூக்கலா இருக்குண்ணே" என்பாள். வைத்துப் பார்த்தால் தூக்கலாகத்தான் இருக்கும். அப்படியே மெல்ல மெல்லத் துடைப்பத்தை வைத்துவிட்டு, பைப் வளைக்கிற இயந்திரத்தின் கைப்பிடியைப் பிடித்தாள். அப்புறம் வீட்டை ஒட்டியே சொந்தப் பட்டறை போட்டாள். இப்போதும் புதிதாக வருகிறவர்கள் வாசலில் நின்று, "முதலாளி இல்லைங்களா?" என்று கேட்பார்கள். அவள் ஒரு தடவை திரும்பி உள்ளே பார்ப்பாள், நிஜமாகவே அங்கே யாராவது இருக்கிறார்களோ என்பதுபோல. பிறகு, "சொல்லுங்க" என்பாள்.

அவள் தன் கணவனை முதலில் பார்த்ததும் அந்தப் பழைய பட்டறை வாசலில்தான். கிரில் ஏற்ற வந்த வண்டி குறுகலான சந்துக்குள் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் சுவர்; வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு தலை நுழைகிற இடம்தான். டிரைவர் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, கழுத்தைத் திருப்பிப் பின்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினான். ஒரு முகம் மட்டும் தனியாக மிதந்து வருவதுபோல இருந்தது அவளுக்கு. துடைப்பத்தைப் பிடித்தபடி நின்று சிரித்துவிட்டாள். முகம் அவளைப் பார்த்தது. வண்டி சுவரில் உரசியது. "உன்னாலதான்" என்று அவன் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவான்.

அவனுக்கு ஊர் வைத்த பெயர் ஒத்தையடி. ஒற்றையடிப் பாதை இருந்தால் போதும், அதில் பிக்கப் வண்டியை ஏற்றிவிடுவான் என்பதால். மலை உச்சியில் போன் டவர் ஒன்று இருந்தது. அதற்கு டீசல் கேன், பாட்டரி, அவ்வப்போது பழுது பார்க்கிற ஆட்கள் எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் வேலை. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வண்டி. அந்தப் பாதையில் வேறு யாரும் ஓட்ட ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவனுக்கோ தெருவில் ஓட்டினால் தூக்கம் வந்துவிடும்.

போன மழையில் பாதையின் ஓரம் பெயர்ந்துவிட்டது. வண்டி ஒரு முழுச் சுற்றுப் புரண்டு ஒரு பாறையில் முதுகைச் சாய்த்து நின்றது. நல்ல வேளை, உள்ளே அவன் மட்டும்தான் இருந்தான். கூரை சீட்டின் தலைமாடு வரை இறங்கியிருந்தது. அவன் தலை ஜன்னல் வழியாக வெளியே போய்வந்திருந்தது. காதுக்கு மேலே தையல். "வண்டி கொஞ்சம் புரண்டு படுத்துச்சு, அவ்வளவுதான்" என்றான் ஆஸ்பத்திரிக் கட்டிலில். பைப்பக்கா அவன் சட்டைப் பித்தானைச் சரியாகப் போட்டுவிட்டாள்.

அவன் அம்மாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. "இனிமே மலைன்னு சொன்னே, காலை உடைச்சு வீட்டுல உக்கார வெச்சிடுவேன். மண்டைதான் உடைஞ்சிருக்கு, கால் இன்னும் பாக்கி இருக்கு" என்றாள்.

டிங்கர் கூரையைத் தட்டி நிமிர்த்தி வண்டியைக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டார். காயம் ஆறிய பிறகும் ஒத்தையடி மலைக்குப் போகவில்லை. காலையில் டீயை எடுத்துக்கொண்டு போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்துகொள்வான். ஒரு கையில் டம்ளர், ஒரு கை ஸ்டியரிங்கில். எதிரே பட்டறைச் சுவர்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு குடித்து முடித்து இறங்குவான். பட்டறைக்குள்ளிருந்து பைப்பக்கா அதைக் கவனித்தாள். தினமும் கவனித்தாள். அவன் நொண்டவில்லை, முனகவில்லை, சோறு குறையவில்லை. ஆனாலும் வீட்டில் பாதி ஆள்தான் நடமாடுவதுபோல இருந்தது.

ஒரு நாள் டம்ளரை வாங்கப் போனவள் வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "வண்டிக்கு வெளியில ஒரு கூடு போடுறேன். பைப்ல. புரண்டாலும் கூடுதான் தரையில படும், கூரை படாது. அது முடியற வரைக்கும் மலைக்குப் போகக் கூடாது. முடிஞ்சப்புறம் நீங்க போறதை நான் தடுக்க மாட்டேன். அத்தைகிட்டயும் நானே பேசுறேன்."

கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. அவன் டம்ளரைக் கொடுக்க மறந்து உட்கார்ந்திருந்தான்.

கூட்டை உள்ளே போடலாமே என்றார் டிங்கர். அவள் தலையை ஆட்டினாள். உள்ளே இருப்பதே ஒண்ட இடமில்லாத இடம். அதில் இரும்பையும் போட்டால் குலுங்குகிற குலுக்கலில் அந்த இரும்பே மண்டையைப் பிளக்கும். வெளியேதான். அதுவும் பாடியில் பற்றவைக்கக் கூடாது. பாடி வெறும் தகரம், சட்டை மாதிரி; எலும்பு என்பது கீழே ஓடுகிற சேஸிஸ். கூட்டின் கால்கள் எல்லாம் சேஸிஸில் போய் நிற்க வேண்டும், கூட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓடுகிற ஓட்டத்தில் இரண்டும் உரசித் தகரம் கிழியும். வரைபடம் ஒன்றும் அவள் போடவில்லை. மெல்லிய கம்பியை வண்டியின் மேல் வளைத்து வைத்துப் பார்த்தாள்; தள்ளி நின்று பார்த்தாள்; பாத்திரம் கழுவும்போது சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கம்பிக்கூடு மனசுக்குப் பிடித்த பிறகுதான் பைப்பைத் தொட்டாள்.

நீளவாக்கில் ஒட்டுத் தையல் இல்லாத, கனமான பைப். வளைக்கும்போது சப்பையாகிவிடாமல் இருக்க உள்ளே காய்ந்த மணலை நிரப்பி, இரண்டு வாயையும் அடைத்து, இயந்திரத்தில் வைத்து அழுத்தினாள். ஒரு பைப் இன்னொன்றின் மேல் உட்காரும் இடத்தில் அதன் நுனியை மீன் வாய்போலக் குழித்து வெட்டினாள். முதலில் அங்கங்கே ஒரு புள்ளி மட்டும் பற்றவைத்து நிறுத்தி, கதவு திறக்கிறதா, இன்ஜின் மூடி தூக்க வருகிறதா என்று பார்த்து, அப்புறம்தான் முழுசாகப் பற்றவைத்தாள். கூரைமேல் வரும் பாகத்தை மட்டும் தரையிலேயே முடித்தாள். மேலே ஏற்றிவிட்டால் அடிப்பக்கத்துக்குக் கை போகாது. அதைத் தூக்கி வைக்க டிங்கரும் அவர் கடை ஆட்களும் வந்தார்கள். கீழே நின்ற மாமியார், "அந்தப் பக்கம் இறங்குது பாரு, சோறு தின்னியா இல்லையா" என்று எல்லாரையும் ஒரு வழி பண்ணினாள்.

ஒத்தையடி சும்மா இருக்கவில்லை. மணல் சலித்தான், பைப்பைத் தாங்கிப் பிடித்தான், தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தான். "முதலாளி, அடுத்து என்ன வேலை?" என்பான். அவள் வெல்டிங் முகமூடிக்குள் சிரிப்பது அவனுக்குத் தெரியாது.

எல்லாம் முடிந்ததென்று டிங்கர் கையைத் தட்டிக்கொண்டபோது அவள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கூரை இனி இறங்காது, சரி. ஆனால் அன்றைக்குத் தலை வெளியே போனது அந்த ஜன்னல் வழியாகத்தான். மறுநாள் டிரைவர் கதவின் ஜன்னலுக்குக் குறுக்கே இரண்டு பைப் வைத்தாள். கதவோடு சேர்ந்து திறக்கிற மாதிரி, கதவிலேயே பிடிப்பு. கூட்டிலேயே அழகான வேலை அதுதான். ஜன்னலின் சரிவுக்கு ஏற்றபடி லேசான வளைவு, இணைப்பு எங்கே என்று தெரியாத அளவுக்குத் தேய்ப்பு. ஆணியிலிருந்து மரக்கட்டையை எடுத்துவந்து இடைவெளியில் வைத்தாள். நுழையவில்லை. இன்னோர் இடைவெளியில் வைத்தாள். நுழையவில்லை. அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

ஒத்தையடி பைப்பைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

"அழகா இருக்கு" என்றான்.

கரும்பச்சை வண்ணம் காய்ந்ததும் டீசல் கேன்களை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். மதியம் சோற்றுக்குத் திரும்பி வந்துவிட்டான், கேன்களோடு. மேலே ஒரே மேகமாக இருந்ததாம். அடுத்த தடவை பிரேக்கில் ஏதோ சத்தம். அதற்கடுத்த தடவை காரணம்கூடச் சொல்லவில்லை. கேன்களை இறக்கி வைத்துவிட்டுக் கை கழுவினான். டவர்க்காரர்கள் போன் செய்து, முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

"இவ பாடுபட்டுக் கூடு கட்டினா, இவன் அதுக்குள்ளயே அடை காக்கறான்" என்றாள் அம்மா. "போக வேண்டாம்னு நான் சொன்னப்ப முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டே. இப்போ என்னடா?"

"பயமா இருக்கும்மா" என்றான் அவன், சோற்றைப் பிசைந்துகொண்டே. சொன்ன வேகத்தைப் பார்த்தால் பயந்தவன் மாதிரி இல்லை. பதில் தயாராக வைத்திருந்தவன் மாதிரி இருந்தது.

பைப்பக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. பயம் என்றால் பரவாயில்லை, பயம் ஆறும். ஒருவேளை தன் வேலையின் மேல் நம்பிக்கை இல்லையோ? விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் வண்டிக்கடியில் படுத்து ஒவ்வோர் இணைப்பாகச் சுத்தியலால் தட்டிக் கேட்டாள். எல்லாம் மணிபோலப் பதில் சொன்னது. வெளியே வந்து முழங்கையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தபோது அவன் டீயோடு வந்தான். நெற்றியில், சீட்டில் உட்கார்ந்தால் கதவுப் பக்கம் வருகிற ஓரத்தில், ஒரு வீக்கம்.

"எங்க இடிச்சீங்க?"

"பட்டறை ஷட்டர்ல."

அவள் ஷட்டரைப் பார்த்தாள். அதைப் பாதி இறக்கி வைத்தாலும் குனியாமல் போகிற உயரம் அவனுக்கு. பட்டறையைச் சாத்தினாள். இரண்டு பிளாஸ்டிக் பையை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, போய் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"எங்க?" என்றான் அவன்.

"மேல."

"நீயா? பஸ்ல ரெண்டு நிறுத்தம் போறதுக்குள்ள நீ படுற பாடு எனக்குத் தெரியாதா?"

"அதுக்குத்தான் பை."

இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அவனோடு மலையேறியதில்லை. வளைவு என்றால் அவளுக்குப் பைப்பில் மட்டும்தான் பிடிக்கும். முதல் திருப்பத்திலேயே கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி குலுங்கியது, கூடு முனகவில்லை, அதைக் கேட்டு மனசுக்குள் தலையாட்டிக்கொண்டாள். பிறகு வண்டி நின்றுவிட்டது. கண்ணைத் திறந்தாள்.

எதிரே பாதை குறுகி, மேல்நோக்கித் திரும்பியது. டிரைவர் பக்கம் பள்ளம். அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான், கியரைப் போட்டான், தலையை ஜன்னல் பக்கம் கொண்டுபோனான். டொக். பைப்பில் நெற்றி இடித்தது. அவன் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கக் கண்ணாடியில் எட்டிப் பார்த்தான். சீட்டிலிருந்து எழும்பிப் பார்த்தான். மறுபடி தலை தானாகவே ஜன்னலுக்குப் போயிற்று. டொக். கியரை எடுத்துவிட்டு உட்கார்ந்தான்.

"தலை வெளிய போகணுமா?" என்றாள் அவள்.

அவன் ஹேண்ட் பிரேக்கை இழுத்தான்.

"கேக்குறேன்ல."

"முன்சக்கரம் ஓரத்துலேருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு பாக்கணும். கண்ணாடில பின்சக்கரம்தான் தெரியும். அதைப் பாத்து என்ன புண்ணியம், முன்சக்கரம் போனா பின்சக்கரமும் கூடவே போயிடும்."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீ அதை அப்படித் தேய்ச்சே. துணி வெச்சுத் துடைச்சே. கட்டை நுழையலைன்னதும் சிரிச்சே." அவன் ஸ்டியரிங்கில் ஒட்டியிருந்த ஏதோ அழுக்கைச் சுரண்டினான். "நான் ஆஸ்பத்திரிலேருந்து வந்தப்புறம் நீ சிரிச்சது அன்னைக்குத்தான். அதைப் போய் அறுத்துப் போடுன்னு எப்படிச் சொல்றது?"

"அதுக்குப் பயந்தாங்கொள்ளின்னு பேரு வாங்கிக்கிட்டீங்களா?"

"அம்மா திட்டுறது புதுசா என்ன?" என்றவன் கொஞ்சம் பொறுத்து, "பயமும் இல்லாம இல்ல. ஆனா சக்கரம் கண்ணுக்குத் தெரிஞ்சா பயம் தெரியாது" என்றான்.

அவளுக்கு அந்தச் சந்து ஞாபகம் வந்தது. காற்றில் மிதந்து வந்த முகம். இந்த மனிதனை அவள் முதன்முதலில் பார்த்ததே ஜன்னலுக்கு வெளியேதான். வாழ்நாள் முழுக்கத் தலை நுழையாத ஜன்னலாகச் செய்து செய்து, கடைசியில் அந்தத் தலைக்கும் கம்பி போட்டு வைத்திருக்கிறாள். வீட்டு ஜன்னலுக்குப் போட வேண்டியதை வண்டிக்குப் போட்டிருக்கிறாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் முந்திக்கொண்டு வாந்தி வந்தது. கதவைத் திறந்து இறங்கி, பாறையோரம் குனிந்தாள். அவன் ஓடிவந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

"பை எடுத்து வந்தேனே" என்றாள் மூச்சு வாங்கியபடி.

"பரவால்ல, பை மிச்சம்" என்றான்.

வண்டி பின்பக்கமாகவே இறங்கித் திரும்பும் வரை அவள் வெளியே நின்று கைகாட்டி வழி சொன்னாள்.

வீடு வந்ததும் கிரைண்டரைத் தானே எடுத்தாள். நான் பிடிக்கிறேன் என்று வந்தவனை, "தள்ளி நில்லுங்க, பொறி படும்" என்றாள். தேய்த்துத் தேய்த்து மினுக்கிய அந்த இரண்டு பைப்பும் தரையில் விழுந்து உருண்டன. அவள் அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"சீட்டுல உக்காருங்க. மலைல ஓட்டுற மாதிரி உக்காருங்க."

அவன் உட்கார்ந்தான். தலையை வெளியே விட்டான்.

"இல்ல, இது போட்டோவுக்கு உக்காருற மாதிரி இருக்கு. அந்தத் திருப்பத்தை நினைச்சுக்குங்க."

அவன் கண் முற்றத்துத் தரைக்கு இறங்கியது. தோள் சரிந்தது, கழுத்து நீண்டது, உதடு லேசாகப் பிரிந்தது. அவள் மெல்லிய கம்பியை எடுத்து அந்தத் தலையைச் சுற்றி வளைத்தாள். தழும்புக்கு மேல் ஒரு விரல் விட்டு, காதைத் தாண்டி, பிடரி வரை. தழும்பின்மேல் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை. கம்பியை வளைத்த விரல் அங்கே ஒரு நிமிஷம் நின்றுபோயிற்று.

"கூசுது" என்றான் அவன்.

"ஆடாதீங்க."

மாமியார் முறத்தோடு வந்து நின்றாள். "என்னடா, மகுடம் சூட்டுறாளா?"

"தலைக்கு அளவு எடுக்கிறேன் அத்தை. தலை வெளிய போனாலும் பைப்புக்கு உள்ளதான் இருக்கணும்."

வெளியே எவ்வளவு தூரம் நீட்டலாம் என்பதில் ஒரு சிக்கல் இருந்தது. ஏறும்போது அந்தப் பக்கம் பள்ளம். இறங்கும்போது அதே பக்கம் பாறை. அதிகம் நீட்டினால் பாறையில் மாட்டும். அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் பக்கக் கண்ணாடியின் முன் நின்றாள். அது இத்தனை காலம் நீட்டிக்கொண்டுதானே போய்வந்திருக்கிறது? அந்த நீட்டத்துக்குள் முடித்துக்கொண்டால் ஆயிற்று. பைப்பை வில்போல வளைத்துக் கதவில் பொருத்தினாள். கதவு சாத்தியதும் அதன் பின்நுனி, கதவுக்குப் பின்னால் நிற்கிற கூட்டின் காலில் பற்றவைத்த ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் போய் உட்காரும்படி செய்தாள். அடி விழுந்தால் கதவு தாங்க வேண்டியதில்லை. அடியைக் கிண்ணம் வாங்கிக் கூட்டுக்குக் கொடுத்துவிடும்.

டிங்கர் வந்து தள்ளி நின்று பார்த்தார். "பைப்பக்கா, வண்டிக்குக் காது முளைச்சிருக்கே."

"ஒரு காதுதான்" என்றாள் அவள். "இன்னொரு பக்கம் தேவையில்ல."

மாமியார் பட்டறைக்குள் போய் மரக்கட்டையை எடுத்துவந்தாள். மருமகளின் வழக்கம் அவளுக்கும் தெரியும். காதுக்குள் வைத்தாள், கட்டை தாராளமாக நுழைந்து கையோடு அந்தப் பக்கம் போயிற்று. முகம் மாறிவிட்டது. "ஏம்மா, நுழையுதே."

"நுழையணும் அத்தை."

கிழவி கட்டையை உள்ளே இருந்து வெளியே, வெளியே இருந்து உள்ளே என்று விட்டுப் பார்த்தாள். பைப்பை ஓர் ஆட்டு ஆட்டிப் பார்த்தாள், அசையவில்லை. "சரி, போ. போனவன் திரும்பி வரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டையை முந்தானையில் துடைத்தாள்.

மறுநாள் வண்டி டீசல் கேன்களோடு கிளம்பியபோது பக்கத்துச் சீட்டில் பைப்பக்காவும் இருந்தாள். பையை மறக்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்துக்கும் கண்ணை மூடினாள். அந்த இடம் வந்ததும் வண்டி நின்றது. கியர் விழுகிற சத்தம் கேட்டது. டொக் என்று ஒரு சத்தம் வருமோ என்று காத்திருந்தாள். வரவில்லை. வேறொரு சத்தம் வந்தது.

"வா, வா... அப்படித்தான். பயப்படாத, நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். கல்லு இருக்கு, மெதுவா... மெதுவா ஏறு, என் கண்ணுல்ல."

அவள் கண்ணைத் திறந்தாள். அவன் தலை வண்டியின் காதுக்குள் இருந்தது. அவளுக்குத் தெரிந்தது பிடரியும், தழும்பும், காற்றில் ஆடுகிற முடியும்தான். அவன் முன்சக்கரத்தோடு பேசிக்கொண்டிருந்தான். குழந்தைக்கு நடை பழக்குகிறவன்போல, அவசரப்படாமல், குரலைத் தாழ்த்தி. சக்கரம் ஒவ்வோர் அங்குலமாக அவன் பேச்சைக் கேட்டு ஏறியது. இத்தனை வருஷமும் இந்தக் குரல் இந்த மலையில் ஒலித்திருக்கிறது; அவள் இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

திருப்பம் முடிந்து பாதை அகன்றது. அவன் தலையை உள்ளே இழுத்து, நெற்றியைத் தடவிக்கொண்டு, அவள் பக்கம் திரும்பினான். "என்ன, பை வேணுமா?"

"வேணாம்."

"பின்ன ஏன் அப்படிப் பாக்குற?"

அவள் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். தூரத்தில் டவர் ஒரு குச்சிபோலத் தெரிந்தது.

"ஒண்ணுமில்ல" என்றாள். "அந்தச் சக்கரத்துக்கிட்ட பேசுற மாதிரி என்கிட்ட ஒரு நாளாவது பேசியிருக்கீங்களா?"

அவனுக்குக் காது வரை சிவந்துபோயிற்று. அடுத்த திருப்பம் வந்தது. தலையை வெளியே விட்டான்.

"வா, வா" என்று ஆரம்பித்தவன் ஒரு தடவை உள்ளே திரும்பி அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி சக்கரத்துக்குப் போனான்.